சாஜிதா போட்ட வரிசை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மறைத்தாலும் நாலு பத்தி தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கோபத்தில் பாதி என்மேல். 2018-ஆம் வருஷம், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ஹபீப் முகம்மதுவின் கம்ப்யூட்டர் கடையில் என் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பர்தா போட்ட ஒரு பெண், பழைய போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அய்யம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் அப்படியே கொண்டுவந்திருக்கிறாள். கண்ணாடி மேசைமேல் இறக்கிவைத்து, "இதுல இருக்கிற கிராபிக்ஸ் கார்டை எடுத்துக்குங்க பாய். பதிலுக்கு எனக்கு வேற சாமான் வேணும்" என்றாள்.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்றார் ஹபீப்.

"கார்டை விக்கிறதுக்கு அவரு எதுக்கு?"

"இல்லம்மா, அவரும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நமக்கு நிம்மதி."

சொல்லிவிட்டு ஹபீப் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துச் சிரிக்கவில்லை. ஆண்களுக்குள் அந்தச் சிரிப்பு கொட்டாவி மாதிரி தொற்றும். அவள் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். மூன்று வருஷமாக அந்தப் பார்வைக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயர் சாஜிதா இல்லை. கடையில் அவள் பேசியது ஐந்து நிமிடம், அவள் போனபின் ஹபீப் பேசியது அரைமணி நேரம். மீதி நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "ஷார்ஜாவின் வெயில் தகரக் கூரைமேல் இறங்க, ஆஸிம் தன் இளம் மனைவியின் முகத்தை—"

[நிறுத்தினேன். வளைகுடா என்றதும் கை தானாக ஆணின் வியர்வையைத் துடைக்கப் போகிறது. பெட்டியைச் சுமந்து வந்தவள் அவள்.]

இரண்டாவது தொடக்கம்: "ஆடி பிறக்கும்வரை காவிரியில் தண்ணீர் வராத வருஷம் அது. தாய் போன்ற நதி—"

[தாயாவது! இதையும் அடித்தேன். ஆனால் தண்ணீர் வராதது கதைக்கு வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் வயலில் எல்லாரும் போர் மோட்டாரைப் போடுவார்கள். மோட்டார் ஓடினால் அந்த டிரான்ஸ்பார்மரை நம்பியிருக்கும் தெருவில் கரண்ட் இறங்கும். டியூப் லைட் கண்ணைக் கண்ணைச் சிமிட்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.]

மூன்றாவது தொடக்கம், நேராக:

சாஜிதாவுக்கு இருபத்தாறு வயது. சிவில் டிப்ளமோ படித்தவள். ஆஸிமுக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷமாகிறது. ஆஸிம் சபராளி. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், ஒரு மாத லீவு. கணக்கு அப்படி; ஆனால் கல்யாணத்துக்குப் பின் வந்தது ஒரே ஒரு முறை. "இன்னும் வயித்துல ஒண்ணும் இல்லியா?" என்று மாமியார் நூர்ஜஹான் கேட்பது மட்டும் மாதம் தவறுவதில்லை.

அந்த ஒரு லீவில், கேம் ஆடுவதற்கென்று கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் பண்ணி வாங்கினான். லீவு முடிந்து அவன் போனதும் நூர்ஜஹான் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். மூன்றாம் மாதம் சாஜிதா துண்டை எடுத்தாள். கும்பகோணத்து இன்ஜினீயர் ஒருவருக்கு வீடுகளின் முகப்புப் படம் போட்டுக்கொடுக்கத் தொடங்கினாள். தூண், பால்கனி, கேட், நிழல் எல்லாம் போட்டு, கட்டாத வீட்டைக் கட்டினது போலக் காட்டும் படம். கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் அந்த வேலைக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு, அங்கே அவனும் இங்கே இவளுமாக ஒரே கேமுக்குள் நுழைவார்கள். அந்த வீட்டில் போன் வந்தால் கூடத்தில் கை மாறிக் கை மாறி எல்லாரும் பேசி, கடைசியில் இவள் கைக்கு வரும்போது சூடு மட்டும்தான் மிச்சமிருக்கும். புருஷனோடு தனியாகப் பேச அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த ஹெட்போன். "வலது பக்கம் ஆளு வருது" என்று அவள் சொன்னால், மாமி அறைக்குள் வந்துவிட்டார் என்று அவனுக்குப் புரியும்.

* இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்பு வேண்டும். என் கதைகளை முதலில் படிப்பவர் தஞ்சாவூர் வெங்கடசுப்ரமணியன், ரிட்டயர்டு தமிழாசிரியர். படித்துவிட்டுச் சொன்னார்: "அய்யம்பேட்டையில பர்தா போட்ட பொண்ணு துப்பாக்கி எடுத்துண்டு சுட்டு விளையாடறாளா? நம்பும்படியா இல்லை ஓய். ஒரு தையல் மெஷினைக் குடுத்துடுங்கோ. அது ரிப்பேராகட்டும். வாசகனுக்கு ஒட்டும்."

"உங்க பொண்ணு ஸ்ரீவித்யா பெங்களூர்ல என்ன பண்றா சார்?"

"சாப்ட்வேர்ல இருக்கா. தெரியுமே உமக்கு."

"அவளுக்கும் ஒரு தையல் மெஷின் குடுத்துடலாமா?"

அவர் அதன்பின் என்னோடு காபி சாப்பிட வருவதில்லை. அடிக்குறிப்பு முடிந்தது.

3

அந்த வருஷம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, விளையாட்டுக்கு நடுவில் சாஜிதாவின் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக அணைந்து எழுந்தது.

"சாஜி, செத்துட்டியா?" என்றான் ஆஸிம் காதுக்குள்.

"நான் இல்ல. மிஷினு."

"சரி, இந்த லீவுக்கு வரும்போது அதுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரேன். எதை முதல்ல மாத்தணும்னு நீயே பார்த்துச் சொல்லு."

'நீயே' என்ற வார்த்தை அவளுக்கு இனித்தது. அந்த வீட்டில் குழம்புக்குப் புளியைக்கூட மாமிதான் எடுத்துக் கொடுப்பார். மறுநாளே பெட்டியைத் திறந்தாள். பழைய பெயிண்ட் பிரஷால் தூசி தட்டினாள். ஒரு வாரம் எந்த நேரத்தில் அணைகிறது என்று குறித்துவைத்தாள். வயலில் மோட்டார் ஓடுகிற நேரத்தில்தான். ஹபீப் கடைக்குப் போன் போட்டு விசாரித்தாள். பிறகு நோட்டில் ஒரு பக்கம் எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள்:

முதலில் எஸ்.எம்.பி.எஸ். (எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற டப்பா. இப்ப இருக்கறது பேரில்லாத சாமான். தாங்காது.)
அப்புறம் எஸ்.எஸ்.டி. (புது மாதிரி டிஸ்க்கு. என் வேலை எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கு.)
அப்புறம் ராம். (மெமரி.)
படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு கடைசி. அது நெறைய கரண்ட் இழுக்கும், முதல்ல அதைப் போட்டா எல்லாம் போயிடும்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. ஆஸிம் ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

4

ஆடியில் ஆஸிம் வந்து இறங்கினான். கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது வீடே சுற்றி உட்கார்ந்திருந்தது. துணிகளுக்கு நடுவில் போர்வை சுற்றி, பத்திரமாக ஒரு பளபளப்பான அட்டைப்பெட்டி. ஆஸிம் அதை இரண்டு கையாலும் எடுத்து அவள்முன் நீட்டினான். இரண்டு விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எஸ்.எம்.பி.எஸ். எங்கங்க?"

"அது என்ன, இரும்பு டப்பா. இங்கேயே கிடைக்கும், அப்புறம் பார்த்துக்கலாம். இது மாதிரி கார்டு கும்மோணத்துல கிடைக்குமா?"

"நான்தான் எழுதி அனுப்பினேனே. கடைசின்னு போட்டிருந்தேனே."

"ரூம்ல பசங்ககிட்ட கேட்டுத்தான் வாங்கினேன். அவனுங்களுக்குத் தெரியாததா?"

"என்ன புள்ள நீ," என்றாள் நூர்ஜஹான், "புருஷன் ஆசையா வாங்கிட்டு வந்ததுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சாஜிதா சிரித்துக் காட்டினாள்.

[இங்கே நான் ஆஸிமைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். முதல் பிரதியில் அவன் அவளை அறைந்தான். அது எனக்கு வசதியாக இருந்தது. அறைகிறவனை வெறுப்பது சுலபம். வாசகர்களும் நானும் சேர்ந்து வெறுத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு சாப்பிடப் போகலாம். ஆனால் ஹபீப் சொன்ன ஆள் அப்படியில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். அவளை பைக்கில் தாராசுரத்துக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பான். நல்லவன். அவள் சொன்னதைப் படித்துவிட்டு, கட்டைவிரல் காட்டிவிட்டு, ரூம் பசங்களைக் கேட்ட நல்லவன். அறைந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.]

5

ஒன்பதாம் நாள் காலை. ஆஸிம் புதுக் கார்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். ஆற்றில் விட்ட தண்ணீர் இன்னும் வாய்க்காலுக்கு வரவில்லை; வயலில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாஜிதா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு வார்னிஷ் கருகுகிற நாற்றம் கூடம்வரை வந்தது.

மீன் கையோடு ஓடிவந்தாள். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து புகை மெலிசாக வந்துகொண்டிருந்தது. அவள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குள்ளே ஆறு முகப்புப் படங்கள் இருந்தன. இரண்டை மறுநாள் கொடுப்பதாக இன்ஜினீயரிடம் சொல்லியிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் இவதான் அதைத் தெறந்து வெச்சுத் தொடச்சிட்டிருந்தா," என்றாள் நூர்ஜஹான். "எதுக்கும் ஒரு கைராசி வேணும்."

எல்லாரும் ஆஸிமைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரியும். போனில் அந்த நோட்டுப் பக்கம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்ன சாஜி," என்றான். "எதையாச்சும் அசைச்சிட்டியா?"

[இந்த வாக்கியத்தை ஏழு முறை மாற்றினேன். அவனை வாய் மூடி நிற்கவைத்தேன். இருமவைத்தேன். போன் வந்ததாகச் சொல்லி வெளியே அனுப்பினேன். எதுவும் நிற்கவில்லை. அவன் அதைத்தான் சொன்னான். ஐந்து வருஷத்தில் அவள்]

[வெள்ளிக்கிழமைதோறும் காதுக்குள் பேசிய அதே குரலில்]

[போதும்.]

சாஜிதா அடுக்களைக்குத் திரும்பிப் போய் மீதி மீனையும் கழுவி முடித்தாள். செதில் ஒன்று விடாமல். குழம்பு வைத்தாள். எல்லாருக்கும் பரிமாறினாள். மறுநாள் காலை ஆஸிம் சொந்தக்காரர்களைப் பார்க்க ராஜகிரிக்குப் போனதும், பெட்டியைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறே?" என்றாள் நூர்ஜஹான்.

"கும்மோணத்துக்கு மாமி."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

மாமியை அவ்வளவு நேராக அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடையில் நடந்ததில் ஒரு பகுதியை ஏற்கெனவே சொன்னேன். ஹபீப் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எஸ்.எம்.பி.எஸ். கருகியிருந்தது. ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. போர்டும் கார்டும் தப்பித்திருந்தன. கார்டைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவள் தன் வரிசைப்படியே கேட்டாள்: முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்., பிறகு எஸ்.எஸ்.டி., பிறகு ராம். ஹபீப் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது, "குடுங்க பாய், நானே மாட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். நானும் ஹபீப்பும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நாங்கள் சிரிக்கவில்லை.

6

ஆஸிம் கவனிக்க நாலு நாள் ஆயிற்று.

"கார்டு எங்க சாஜி?"

"குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? யாரைக் கேட்டுக் குடுத்தே? அதுக்கு நான் அங்க எவ்வளவு நாள்—"

"நீங்க யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

அவன் கதவைச் சாத்தினான். வெளியே நூர்ஜஹானின் பாத்திரச் சத்தம் நின்றது.

"உனக்காகத்தானடி வாங்கினேன்."

"எனக்காகன்னா நான் சொன்னதை வாங்கியிருப்பீங்க. ஆனி மாசத்துல இருந்து சொல்றேன், எதை முதல்ல மாத்தணும்னு. சரி, அதை விடுங்க. ஏசி வந்துச்சு. மாடி எழும்புச்சு. உங்க தங்கச்சி கல்யாணம் முடிஞ்சுது. இப்ப கார்டு. நான் எத்தனாவதுங்க? அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறேன், அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறேன்னு அஞ்சு வருஷமா சொல்றீங்க. பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருக்கேன். அது காலாவதியே ஆயிடும் போல. அந்த வரிசையில நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

ஆஸிம் கட்டிலில் உட்கார்ந்தான்.

"வரிசையிலேயே இல்ல சாஜி," என்றான்.

"என்னது?"

"என் விசாவுல போட்டிருக்கிற வேலைக்கும் சம்பளத்துக்கும் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. அடுத்த வருஷம் இல்ல. எப்பவுமே முடியாது."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

அவன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

சாஜிதா கத்தவில்லை. கத்தியிருந்தால் வெளியே கேட்டிருக்கும். இது யாரும் கேட்பதற்கான பேச்சில்லை. அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"இதைத்தான் நீங்க முதல்ல சொல்லியிருக்கணும்."

7

முடிவுகள்.

(அ) ஆஸிம் கூடத்தில் எல்லார் முன்னாலும், "கருகினது என் தப்பு, சாஜிதா எச்சரிச்சா" என்கிறான். நூர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். [எழுதி, அடித்துவிட்டேன். அவன் சொல்லவில்லை. சொல்லாததை நான் எதற்கு அவனுக்குத் தானம் கொடுக்க வேண்டும்?]

(ஆ) சாஜிதா அம்மிக்குழவியால் கம்ப்யூட்டரை உடைக்கிறாள். [இது என் கோபம். அவள் எதற்குத் தன் சோற்றை உடைப்பாள்?]

(இ) ஆஸிம் விசாவை ரத்து செய்துவிட்டு ஊரிலேயே தங்கி, காவிரிக் கரையில்— [போங்கய்யா.]

இனி நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

அவன் கிளம்பும் நாள். பிற்பகல். திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் வந்து நிற்கிறது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. பயணத்துக்கு துஆ ஓதியாயிற்று. ஆஸிம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று உள்ளே பார்க்கிறான். வழியனுப்ப வந்தவர்களும் உள்ளே பார்க்கிறார்கள்.

சாத்திய கதவுக்குப் பின்னால், அறைக்குள் சாஜிதா, அழிந்துபோன ஆறு படங்களில் நாலாவது வீட்டை முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள். இன்ஜினீயரிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கிய புதுக் கெடு இன்று மாலை. பால்கனிக் கம்பிகளுக்கு நிழல் விழவேண்டும். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவள் முடிவு செய்துகொண்டிருக்கிறாள்.

"சாஜிதா! அவன் கிளம்பிட்டான் புள்ள, எழுந்து வா!" என்று நூர்ஜஹான் கூப்பிடுகிறாள்.

டிரைவர் ஒருமுறை ஹாரன் அடிக்கிறான்.

அவள் எழுந்து வந்து வாசலில் நின்று சிரித்துக் கையசைத்தால் கதை அழகாக முடியும். எனக்குத் தெரியும். வெங்கடசுப்ரமணியன்கூட மறுபடி காபிக்கு வந்துவிடுவார். ஆனால் நான் அவளைக் கூப்பிடப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள்.