ஓடு இறுகாத இறால்

பனிச்சங்கேணி வாவிக்கரைப் பண்ணையில் வெளிச்சம் விழுமுன்னே சீதேவிப்பிள்ளை மார்பளவு தண்ணீரில் நின்றாள். தீனித் தட்டைத் தூக்கி, இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. சேறு கணுக்காலைக் கவ்வியது. விரலிடுக்குப் புண்ணில் உப்பு ஏறி எரிந்தது. தட்டில் கிடந்த இறாலொன்றை நசுக்கினாள். குழைந்த சோறாய்ப் பிதுங்கியது. பழைய ஓட்டைக் கழற்றி ஐந்து நாளாகியும் புது ஓடு இறுகவில்லை. குளம் முழுக்க இதே கதி.

வெற்றிலைக்குச் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு நீற்றும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். ஓடு இறுகாவிட்டால் சுண்ணாம்பு, இதிலென்ன யோசனை? இரண்டு கிழமைக்கு முன் யாரையும் கேட்காமல் மூன்று உரப்பைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாள். இறால் இன்னும் மோசமாகியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் ஐஸ் லொறியோடு முதலாளி வந்தார். காலில் சேறு படாத மனுசன். செத்து மிதக்குமுன் இறாலை அள்ளிவிட வேண்டும் அவருக்கு.

"ஆரடி சுண்ணாம்பு போட்டது?"

"நான்தான் முதலாளி."

"என்ர பண்ணைய அழிச்சிட்டாயேடி! வலை இழுத்து முடிச்ச கையோட வாடியக் காலி பண்ணிட்டுப் போயிரு."

அணையோரம் கிடுகு வேய்ந்த அந்த வாடியை விட்டால் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வேறு கூரை ஏது? சுனாமி வீட்டைக் கொண்டுபோக, சண்டை புருசனைக் கொண்டுபோக, முகாம் முகாமாய் அலைந்து போன வருடம்தான் இங்கே ஒதுங்கியிருந்தாள்.

வலை இழுக்க அணையில் நின்ற கூலியாட்களிடம் முதலாளி ஒரு கடதாசியை நீட்டினார். "இவளாலதான் இறால் கெட்டதெண்டு எல்லாரும் கையெழுத்து வைங்க. உங்கட வேலைக்கு நான் பொறுப்பு."

முன்னால் நின்ற கேதீசனின் கை பேனாவரை போய்விட்டது. அவனும் வாடியில் கிடக்கிறவன்தானே!

"கையெழுத்து வெக்காதீங்க, தம்பி!"

தீனிக் கொட்டிலிலிருந்து பரீனா ஓடிவந்தாள். ஓட்டமாவடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து தீனி குழைக்கிறவள், முக்காடெல்லாம் தவிடு.

"ரெண்டு மாசமா, செலவு கூடவெண்டு, மீன்தூளும் வேணாம், பொஸ்பேட்டும் வேணாமெண்டு செல்லி வெச்சவர் இவர்தான். வெறுந் தவிடும் சோயாவும்தான் குழைக்கன். ஓடு இறுகப் பொஸ்பரஸ் வேணும். தவிட்டில இரிக்கிறது இறாலுக்குச் செமிக்காது."

"இவ்வளவு நாளும் ஏன் வாய் திறக்கல்ல?" என்றான் கேதீசன்.

"பயம், தம்பி. என்ட வேலையும் போயிருமெண்டு பயம்."

"அப்ப என்ட சுண்ணாம்பு?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"அதும் பிழைதான் அக்கா. சுண்ணாம்பு கூடினா, இரிக்கிற கொஞ்சப் பொஸ்பரசும் உடம்புல சேராது. ஆனா நீங்க போடக்குள்ளயே ஓடு பஞ்சாத்தானே கெடந்திச்சு!"

முதலாளி சிரித்தார். "ஓட்டமாவடிக்காரி சொல்றத நம்புறீங்களா? அவங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் உங்கட தமிழ் ஆக்களுக்கும் சண்டைக்குள்ள நடந்ததெல்லாம் மறந்து போச்சா?"

அட பாவி! இரண்டு பக்கமும் விழுந்த பிணங்களைத் தவிட்டுக்காகத் தோண்டுகிறானே! சீதேவிப்பிள்ளை அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் போட்ட சுண்ணாம்புக்கு நான் பதில் சொல்றன். நீ போட்ட தவிட்டுக்கு நீ சொல்லு!"

"ஆரப் பாத்து 'நீ' எண்டாய்?"

"உன்னைத்தான்."

கேதீசன் பேனாவைச் சேற்றில் எறிந்துவிட்டு, வலைக் கயிற்றைக் கீழே போட்டு அதன்மேல் குந்தினான். பன்னிரண்டு பேர் சேராமல் அந்த வலை அசையாது. ஒருவர் பின் ஒருவராய் எல்லோரும் குந்தினார்கள்.

"எழும்புங்கடா! ஐஸ் கரையுது!"

"கரையட்டும். மத்தக் குளங்களுக்குச் சரியான தீனி வரணும். சீதேவியக்காவும் பரீனாவும் இஞ்சதான் இருப்பாங்க. அதச் சொல்லுங்க, இழுக்கிறம்," என்றான் கேதீசன்.

முதலாளி தொலைபேசியில் கத்தினார். "வாழைச்சேனையால வலை இழுக்க இருவது பேர ஏத்திட்டு வா! பொலிசுக்கும் சொல்லு!"

லொறியடியில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. யாருக்குத்தான் பயமில்லை? கேதீசன் சீதேவிப்பிள்ளை பக்கம் திரும்பினான்.

"அவங்க வந்தா என்னக்கா செய்யிற?"

"வாறவங்களும் நம்மளப்போலக் கூலிக்காரர்தானே," என்றாள் சீதேவிப்பிள்ளை. "முதல்ல தேத்தண்ணி குடுப்பம். பிறகு குளத்தக் காட்டி நடந்ததச் சொல்லுவம்."

பரீனா கேத்தலை எடுக்க எழும்பினாள். கேதீசன் விறகு பொறுக்கப் போனான். மற்றவர்கள் வலையைவிட்டு அசையவில்லை.