ஏறாவூரைக் காட்டிய யன்னல்

அமிர்தகழியில் கலாஜினி தன் கையாலேயே சுவரை உடைத்துப் பொருத்திய யன்னலைத் திறந்தபோது, அதற்கு அப்பால் ஏறாவூரில் ஒரு வீட்டின் பின்னறை இருந்தது. அங்கே இருந்திருக்க வேண்டியவை பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையின் மதிலும், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் முருங்கையும். அவற்றுக்குப் பதிலாக நீலம் அடித்த ஒரு சுவர், ஏறாவூர்க் கடையொன்றின் பெயர் போட்ட கலண்டர், மடித்து அடுக்கிய சாரன்கள், அவற்றுக்கு நடுவே கட்டிலில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். கலாஜினி யன்னல் கதவை மெல்லச் சாத்தினாள். மட்டக்கோலை எடுத்து யன்னல் நிலையில் வைத்துப் பார்த்தாள். நீர்க்குமிழி நடுவில்தான் நின்றது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அதுவும் நேராக இருந்தது. தன் வேலையில் பிழை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. கணவன் தினேஸ் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு அவளும் தையல் மெசினும்தான் அந்த வீட்டில். மீன்காரரின் தராசையும், கரண்ட் மீற்றரையும், மேசன்மார் சீமெந்தில் கலக்கும் மணலையும் அவள் நம்புவதில்லை. ஆச்சிப்பிள்ளையின் குசினிச் சுவரை வினாயகமூர்த்தி மேசன் கட்டி முடித்த கையோடு, அதை ஆணியால் சுரண்டிப் பார்த்துச் சீமெந்து குறைவு என்று ஊருக்குச் சொன்னவள் அவள்தான். ஆகவே கச்சான் காற்று அனலாக வீசிய காலத்தில், தைக்கிற அறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று தீர்மானித்தபோது மேசனையும் கூப்பிடவில்லை, மரவேலை செய்கிற ஓடாவியையும் கூப்பிடவில்லை. புளியந்தீவில் இடித்த வீடுகளின் மரங்கள் விற்கிற இடத்துக்குப் போய், கம்பி போட்ட ஒரு முதிரை நிலையைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கி வந்தாள். யார் யாரோ சுவர் உடைக்கிற வீடியோக்களைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சுத்தியலும் உளியுமாகக் கல் கல்லாக எடுத்து, நிலையை நிறுத்தி, ஆப்பு அடித்து, இடைவெளிகளைச் சாந்தால் அடைத்து, மேலே பூசினாள். பூச்சு வழவழவென்று வந்தது. அதைத் தடவிப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

இரண்டாம் தரம் திறந்தபோது அந்த மனிதர் கம்பிக்குக் கிட்ட வந்து நின்றார்.

"ஆரு தங்கச்சி நீங்க? எங்கட ஊட்டு ஜன்னலுக்க நிண்டு என்ன பாக்கீங்க?"

"இது எங்கட வீட்டு யன்னல். நேத்துத்தான் வச்சநான். நீங்க ஆரு?"

"நான் இத வெச்சி அஞ்சு வருஷமாச்சி," என்றார் அவர்.

அவர் பெயர் உசனார். ஏறாவூரில் சாரன் கடை வைத்திருந்தார். பேச்சுக் குரல் கேட்டு அவர் மனைவி நஸீறா முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தாள். கலாஜினியைத் தலையிலிருந்து இடுப்புவரை பார்த்தாள். பிறகு கணவரை அதேபோலப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற அமிர்தகழி தன் பின்னறைக்குள் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. "முதல்ல கதவத் திறந்தது ஆரு?" என்றுதான் கேட்டாள்.

அதன் நடைமுறை சில நாட்களிலேயே எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வளவில் நின்று பார்த்தால் அது மற்ற யன்னல்களைப் போல ஒரு யன்னல். அறைக்குள் நின்று பார்த்தால் ஏறாவூர். கம்பிகளுக்கு ஊடாகக் கை போகும், காற்றுப் போகும், கோழிக்குஞ்சு போகும், மனிதர் போக முடியாது. உசனாரின் பின்னறைக்குக் கிழக்கே ஒரு வாசல் இருந்ததால் காலையில் அந்த வழியாக வெயில் வந்து கலாஜினியின் மெசினில் விழுந்தது. அவள் கேட்ட வெளிச்சம் கிடைத்துவிட்டது. ஆனாலும் துணி வெட்டும்போது அந்தப் பக்கம் முதுகு காட்டி இருப்பதில்லை. நஸீறாவும் பின்னறையிலிருந்த நகைப் பெட்டியை முன்னறைக்கு மாற்றினாள். இரண்டு ஊராரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் இருந்து போகிறவர்கள், ஒருவர் கடையில் ஒருவர் சாமான் வாங்குகிறவர்கள். ஆனால் பழைய கலவரக் காலத்துக் கதைகள் இரண்டு பக்கத்திலும் இருந்தன. பின்னறைவரை யாரையும் யாரும் விட்டதில்லை.

கெட்ட பெயர் மதிலுக்கு மேலால் வந்தது. ஆச்சிப்பிள்ளை முருங்கைக்காய் பறிக்க ஏறியபோது, கலாஜினி யன்னலில் நின்று தன்னை நேராகப் பார்த்தபடி வேறு யாரோடோ கதைப்பதைக் கண்டாள். ஆண் குரல் ஒன்று பதில் சொல்வதையும் கேட்டாள். உடனே வீட்டுக்குள் வந்து பார்த்தாள். உசனார் சாரன்களுக்கு விலைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மாமி? அவர் ஏறாவூர்ல நிக்கார்," என்றாள் கலாஜினி.

"எங்க நிண்டா என்னகா? ஆம்பிள ஆம்பிளதானே," என்றாள் ஆச்சிப்பிள்ளை. அன்றைக்கே கட்டாருக்கு ஒரு குரல் பதிவு போனது.

அதற்குப் பிறகு தினேஸ் நேரம் காலம் இல்லாமல் வீடியோவில் அழைக்கத் தொடங்கினான். குசினியைக் காட்டு என்பான், வாசல் படலையைக் காட்டு என்பான், கட்டிலுக்குக் கீழே காட்டு என்பான். கலாஜினி யன்னலையே காட்டினாள். ஆனால் கைபேசியின் திரையில் ஆச்சிப்பிள்ளையின் மதிலும் முருங்கையும்தான் தெரிந்தன. உசனாரின் இருமல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "மதிலுக்கு அந்தப் பக்கம் ஒளிச்சு நிக்கிறது ஆரு?" என்று தினேஸ் கேட்டான். "கம்பிக்குள்ளால ஒரு ஆள் வர ஏலுமா? நீங்களே யோசிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்க," என்று அவள் கத்தினாள். பிறகு இரவு முழுக்க மெசினை ஓட்டினாள். தன்னை நம்பாத ஆளுக்காகத் தான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாவி ஏறி ஒழுங்கைகளுக்குள் வந்தது. ஓடுகள் தண்ணீரைக் குடித்துக் கனத்தபோது, நிலையின் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஒரு வெடிப்பு ஓடியது. முதலில் ஊசி நுழைந்தது, பிறகு கத்தரிக்கோல் நுழைந்தது. அதே மூலையில் அதே வெடிப்பு ஏறாவூரிலும் ஓடியது. அமிர்தகழியின் கள்ள வேலைதான் தன் சுவரைப் பிளந்தது என்றாள் நஸீறா. ஏறாவூர்க் கூரைதான் தன் நிலையை அமுக்குகிறது என்றாள் கலாஜினி. இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருந்தது. ஓடு மாற்ற உசனார் தன் கூரையில் ஏறியபோது அமிர்தகழியில் நிலை முனகியது. அமிர்தகழியில் மழை பெய்து ஏறாவூரில் வெயில் எறித்த ஒரு நாளில் நஸீறாவின் சுவரில் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு வீட்டுக் கூரையும் அந்த ஒரே யன்னல் நிலையின் மேல்தான் இருந்தன.

"கழட்டி எடுத்துட்டுப் போங்க உங்கட ஜன்னல!" என்று நஸீறா சத்தம் போட்டாள். கலாஜினியும் வீம்புக்கு ஒரு ஆப்பைத் தட்டித் தளர்த்தினாள். இரண்டு ஊரிலும் கூரைகள் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கின. ஏறாவூரில் ஒரு ஓடு நஸீறாவின் காலடியில் விழுந்து சிதறியது. கலாஜினி ஆப்பைத் திரும்ப அடித்தாள். அதன் பிறகு கழட்டுகிற கதையை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் நஸீறா குசினிக் கரண்டி ஒன்றோடு வந்தாள். கம்பிக்குள்ளால் கையை விட்டு, நிலைக்கு மேலே கலாஜினி பெருமைப்பட்டுப் பூசிய பூச்சைச் சுரண்டினாள். உள்ளே சீமெந்துக் கல் நேராக மரத்தின்மேல் இருந்தது. சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொள்ள நிலைக்கு மேலே குறுக்கே கிடக்க வேண்டிய கொங்கிறீற்றுத் துண்டு அங்கே இல்லை.

"லின்டல் எங்க?" என்று கேட்டாள் நஸீறா.

அந்த வீடியோக்களில் அந்த இடம் வந்தபோதெல்லாம் அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தவள் கலாஜினி. முகம் சூடாகியது. கத்தரிக்கோலை எடுத்தாள், தன் கையைக் கம்பிக்குள்ளால் விட்டாள், ஏறாவூர்ப் பக்கத்துப் பூச்சைச் சுரண்டினாள். அங்கேயும் கல் நேராக மரத்தில்தான் இருந்தது.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் உசனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் மேசனைக் கூப்பிடாமல் அந்த யன்னலை வைத்தவர் அவர். "கடையத் திறக்கோணும்," என்று சொல்லிவிட்டு உசனார் வெளியே போனார். அன்றிலிருந்து நஸீறா கலாஜினியை விட்டுவிட்டுத் தன் கணவர் கட்டிய மற்றச் சுவர்களைச் சந்தேகப்படத் தொடங்கினாள்.

மார்கழி முழுக்க ஆயத்தம் நடந்தது. பலகைகளால் பெட்டி அடித்து, உள்ளே கம்பி கட்டி, சல்லியும் மணலும் சீமெந்தும் குழைத்து, இரண்டு வீட்டு வளவிலும் ஒவ்வொரு லின்டலை நிலத்திலேயே வார்த்தார்கள். கலாஜினி கலந்த கலவையை நஸீறா கேட்டு வாங்கி விரலால் உரசிப் பார்த்தாள். நஸீறா கட்டிய கம்பியைக் கலாஜினி இழுத்துப் பார்த்தாள். ஈரச் சாக்கு போட்டு மூடி, மழை விட்ட நாட்களில் தண்ணீர் ஊற்றினார்கள். தை பிறந்து வானம் வெளுத்தபோது இரண்டும் இரும்பு போல இறுகியிருந்தன.

ஏற்றுகிற வேலை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மறு பக்கம் கொட்டுண்டுவிடும். தென்னங்குற்றிகளை முட்டாகக் கொடுத்துக் கூரைகளைத் தாங்கி நிறுத்தினார்கள். கலாஜினிக்கு மறு முனையைத் தூக்க ஆள் இல்லை. வேவு பார்க்க மதிலுக்கு மேலால் தலையை நீட்டிய ஆச்சிப்பிள்ளையைக் கூப்பிட்டாள். மறுத்தால் பார்க்கக் கிடைக்காது என்று ஆச்சிப்பிள்ளை வந்தாள். நிலைக்கு மேலே இருந்த கற்களை இரண்டு பக்கமும் கழற்றி எடுத்து, லின்டல்களை மர வாங்குகளின் மேல் ஏற்றி வைத்த நேரத்தில், ஏறாவூரில் முன்கதவை யாரோ தட்டினார்கள். உசனார் தான் பிடித்திருந்த முட்டுக் குற்றியை விட்டுவிட்டுப் போனார்.

முட்டு சறுக்கியது. நஸீறா ஓடிப் பிடித்தாள், ஆனால் அவள் பாரத்துக்கு அது அடங்கவில்லை. அமிர்தகழியில் ஓடுகள் கடகடவென்று அடித்தன. கலாஜினி இரண்டு கையாலும் நிலையைத் தாங்கிக்கொண்டு கத்தினாள்: "ஆரெண்டாலும் பரவாயில்ல, அந்த முட்டப் பிடிங்க!"

உசனாரைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குள் பாய்ந்து, விமானத்தில் வந்த உடுப்போடு முட்டுக்குத் தோள் கொடுத்தவன் தினேஸ். யாருக்கும் சொல்லாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், மனைவி போய் வருகிற வீடு என்று தான் நம்பிய வீட்டுக்கு, குரல் பதிவில் சொன்ன சாரன் கடையை விசாரித்து வந்திருந்தான். மூச்சு வாங்கியபடி தலையை உயர்த்தியவன், கம்பிகளுக்கு அப்பால் தன் வீட்டு அறையையும், தான் வாங்கிக் கொடுத்த தையல் மெசினையும், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு நிற்கிற கலாஜினியையும் கண்டான்.

"தம்பி தினேசு, எப்ப வந்தநீங்க?" என்றாள் ஆச்சிப்பிள்ளை, லின்டலின் முனையை விடாமல்.

தினேஸ் அவளைப் பார்க்கவில்லை. "எத்தின மாசமா நடக்குது இது?" என்று கலாஜினியைக் கேட்டான்.

"முட்ட இறுக்கிப் பிடிங்க. மறுகாக் கதைப்பம்."

அவன் பிடித்தான். உசனாரும் நஸீறாவும் ஒரு பக்கம், கலாஜினியும் ஆச்சிப்பிள்ளையும் மறு பக்கம், கலாஜினி சொன்ன சொல்லுக்கு இரண்டு லின்டல்களும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக உள்ளே போய் இருந்தன. இடைவெளிகளில் சாந்தை அடைத்து முடிக்கும்வரை தினேஸ் தோளை எடுக்கவில்லை. விமானத்தில் தான் நினைத்துப் பார்த்த எல்லாக் காட்சியிலும் அவள் தலை வாரிப் பூ வைத்திருந்தாள் என்று பிறகு ஒரு நாள் அவளிடம் சொன்னான். அன்றைக்கு அவன் கண்டது நகம் பிய்ந்து, சீமெந்தில் வெடித்த இரண்டு கைகளை. அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கலாஜினிக்கு அவன் வந்த சந்தோஷம் தொண்டைவரை வந்தது. அதோடு கேள்வியும் வந்தது. "வீட்டுக்கு வராம அங்க உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். தினேஸ் உடுப்பில் ஒட்டிய தூளைத் தட்டினான். "வாறன்," என்றான். பயணப் பையைக் கம்பிக்குள்ளால் கொடுத்துப் பார்த்தான். பை பெரிது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு றோட்டுக்குப் போய் பஸ்ஸுக்கு நின்றான்.

அவன் அமிர்தகழிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது பட்டிருந்தது. கலாஜினி கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே லின்டலைத் தட்டிப் பார்த்தான், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். அவள் மெசினில் இருந்தபடி அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து உசனார் வந்து கம்பிக்குள்ளால் கையை நீட்டினார்.

"தம்பி, உங்கட பாஸ்போட்ட இஞ்ச கட்டிலுக்கு மேல போட்டுட்டுப் போயிட்டீங்க."

தினேஸ் அதை வாங்கி, ஏறாவூர் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். எல்லாம் இருந்தது.

"பஸ்ஸில சனமா?" என்று கேட்டார் உசனார்.

"ஓம் நானா. தன்னாமுனை வரைக்கும் நிண்டுதான் வந்தநான்."

"நானும் நாளைக்கு டவுணுக்கு வரோணும். வெள்ளன பஸ்ஸப் புடிச்சாத்தான் இருந்து வரலாம்."

"கதவச் சாத்துங்க," என்றாள் கலாஜினி, மெசினை மிதித்தபடி. "அங்கத்த நுளம்பெல்லாம் இஞ்ச வந்து கடிக்குது."

அந்தப் பக்கத்தில் நஸீறாவும் தன் கணவரிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.