காலையில் எடை, மாலையில் சண்டை

என் கணவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்து காலி டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தார். துப்புவதற்கும் வாயில் ஏதாவது இருக்க வேண்டுமே! மென்று மென்று ஒரு சொட்டுச் சேர்த்து, அதைத் துப்பிவிட்டு, நடையில் இருந்த எடைக்கருவியில் வந்து ஏறினார். அவர் எடைப் பிரிவுக்கு அரை கிலோ அதிகம். சாயங்காலம் அரங்கத்தில் அதிகாரிகள் முன்னால் எடை, நாளைக்குக் குத்துச்சண்டை. நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உடம்பில் பிளாஸ்டிக் உடுப்பு, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, குழாயில் வெந்நீர், அறை முழுக்க ஆவி. நான் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே நாள் பூராவும் துணியைப் பிழிகிறேன். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் இங்கே ஆளைப் பிழிகிறார்கள்.

கேட்டால் விதி என்பார்கள். முன்பெல்லாம் சண்டை நாளன்று காலையில்தான் எடை பார்ப்பார்களாம். காய்ந்துபோய் வந்தவன் சாயங்காலத்துக்குள் தேற முடியாமல் மேடையில் சுருண்டு விழுந்தான். ஐயோ பாவம் என்று எடையை முதல் நாளுக்கு மாற்றினார்கள். தேறிக்கொள்ளத்தான் ஒரு முழு நாள் இருக்கிறதே என்று இவர்கள் இப்போது இரண்டு மடங்கு காய்கிறார்கள். யாரோ பெரிய மனது பண்ணி ஒரு விதியை மாற்றினால், அது எப்படியோ சுற்றி வளைத்து எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

முன்னறை நாற்காலியில் என் மாமனார். அந்தக் காலத்தில் அவருக்கு இரும்புத்தாடை என்று பட்டப்பெயர். பதினைந்து சுற்றுச் சண்டைகள் ஆடியவர். அதற்கும் வெகுகாலம் முன்னால் கையுறையே கிடையாது, ஒருத்தன் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்வரை சண்டைதான் என்று நினைவு நன்றாக இருந்த நாளில் அவரே கதை கதையாகச் சொல்வார். அப்புறம் கையுறை வந்தது, அதுவும் தடித்தது. சுற்று பன்னிரண்டாகக் குறைந்தது. மேடையோரம் டாக்டர் வந்து உட்கார்ந்தார். எல்லாம் சரிதான். தடித்த உறை காப்பாற்றுவது குத்துகிறவன் கையை. வாங்குகிறவனுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மண்டைதான். இரும்புத்தாடைக்குத் தாடை இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, அதற்கு மேலே இருந்ததுதான் போய்விட்டது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. என்னைச் சில நாள் மருமகள் என்பார், சில நாள் நர்ஸம்மா என்பார்.

தண்ணீர் வற்றிய உடம்போடு மேடை ஏறினால் மூளைக்கு ஆபத்து என்று போன தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து மாமனாருக்குப் பொத்தான் போட்டுவிடும்போதெல்லாம் அந்த முகத்தில் என் கணவரின் முகம் தெரிகிறது. ஜெயிப்பாரா தோற்பாரா என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என் ஆள் எனக்கு முழுசாக வேண்டும்.

எடைக்கருவியை விட்டு இறங்கியவர் கால் நிற்காமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜாடி. உப்பு, சர்க்கரை, எலுமிச்சை போட்டுக் கலக்கிய தண்ணீர். பாதி அவர் சட்டையிலேயே கொட்டியிருந்தது.

"எடை போட்டாச்சுல்ல? குடிடா கண்ணு. இப்பக் குடிச்சாத்தான் சாயங்காலம் கால் நிக்கும்."

"அப்பா, எடை இனிமேதாம்ப்பா. இப்பல்லாம் முதல் நாளே..."

"யார்றா சொன்னது? காலையில எடை, சாயங்காலம் சண்டை. எனக்கே சொல்லித்தர்றியா?"

ஜாடியை மகனின் வாயருகே கொண்டுபோனார். என் கணவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் மாமா என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. குடி, குடி என்று எனக்குள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். அவர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"போகட்டும் விடுங்க," என்றேன். "காய்ச்சல்னு நானே பயிற்சி மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்."

"எடை தவறினவன்னு பேர் வந்துட்டா அப்புறம் எவன் சண்டை தருவான்?"

"தர வேணாம். சலவைக்கூடத்துல வண்டி ஓட்ட ஆள் தேடுறாங்க."

அவர் சிரித்தார். காய்ந்த உதடு வெடித்தது. "வண்டி ஓட்டிட்டு வந்து அப்பா பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கணும், அதானே?"

"உக்காருங்களேன். என்ன குறைஞ்சு போயிடும்?"

அவர் சுவரைப் பிடித்து எழுந்து, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "கதவடியில துணி வை, ஆவி வெளிய போவுது," என்றார் உள்ளிருந்து.

வைக்காவிட்டால் இன்னும் கூடுதல் நேரம் உள்ளேயே கிடப்பார். அதனால் பெரிய துண்டாக எடுத்து, முறுக்கி, என் தொழில் நேர்த்தி ஒன்றும் குறையாமல் இடுக்கு தெரியாதபடி அடைத்தேன். பாவி நான்!

மாமனார் ஜாடியை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார். தோளில் ஒரு துண்டு. முக்காலியை இழுத்துக் குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"சுற்று முடிஞ்சு வருவான். ஒரு நிமிஷந்தான் டைம். தயாரா இருக்கணும், நர்ஸம்மா."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் கைகளில் ஜாடி தளும்பியது. கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடி "ம்." கதவின் பெயின்ட் வியர்த்து வழிந்தது. அந்த ஒற்றை "ம்" வந்தால் போதும், அடுத்ததைக் கேட்கும்வரை மூச்சு விட முடிந்தது.

பிறகு உள்ளே ஏதோ தரையில் மோதியது. டப்பா உருண்டது.

"ஏங்க?"

குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து கதவைத் தட்டினேன், குத்தினேன், தோளால் இடித்தேன். "ஏங்க! கதவத் திறங்க! மாமா, பிடிங்க, கதவ உடைங்க!"

மாமனார் எழுந்திருக்கவில்லை. விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. ஜாடியை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி, கதவைப் பார்த்து ஒவ்வொரு விரலாக நீட்டினார்.

"ஒண்ணு," என்றார். "பதறாதம்மா. பத்து வரைக்கும் டைம் இருக்கு. எந்திரிச்சுடுவான். ரெண்டு..."

நான் இடித்துக்கொண்டேயிருந்தேன். எனக்குப் பின்னால், விழுந்தவனுக்கு அவகாசம் கொடுக்கும் மேடை நடுவரைப் போல அவர் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார்.