இடப்பக்கம் சுருண்ட நத்தை

வண்டியின் பின்கதவைச் சாத்தப்போன அண்ணனின் கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"ரவுண்டானா வழியாப் போலாம்ணா. அப்பா நத்தையைப் பாத்துட்டுப் போகட்டும்."

"வெயில் மண்டையைப் பிளக்குது. ஊரைச் சுத்திக் காட்ட இது கல்யாண ஊர்வலமா?"

அவள் வண்டிக்குள்ளே பார்த்தாள். அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியருகே அம்மா உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் அப்பாவின் மூச்சு அடங்கியதிலிருந்து அழவும் இல்லை, வாயும் திறக்கவில்லை. ஓயாமல் வாயாடும் மனுஷி. அவர் போகும்போது இவள் பேச்சையும் கொண்டுபோய்விட்டாரோ என்று மகளுக்குப் பயம். அண்ணனும் அம்மாவைப் பார்த்தான். "சரி, ஏறு" என்றான்.

ரவுண்டானாவில் நிற்கும் அந்த நத்தைச் சிலையின் கதையைச் சொல்லியாக வேண்டும். வரைந்தவர் ஒரு சிற்பி. இரண்டாள் உயர இரும்பில் அதை ஒட்டவைத்தவர் வெல்டரான அப்பா. சிற்பி கொடுத்த மாதிரித் தகட்டைப் புரட்டிப் போட்டு இரும்பை வெட்டிவிட்டார் மகராசன்! கிரேன் தூக்கி நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, எல்லா நத்தைக்கும் போல வலப்பக்கம் சுருள வேண்டிய ஓடு இடப்பக்கம் சுருண்டிருந்தது. சிற்பி தலையில் கைவைத்துக்கொண்டார். அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சாப்பாடு கொண்டுபோயிருந்த அம்மாதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெத்தவரு இடதுகைக்காரரு, பிள்ளை மட்டும் வேற எப்படிப் பிறக்கும்?"

சிற்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நத்தை அப்படியே நின்றது. வீட்டில் அதற்குக் கடைக்குட்டி என்றே பெயர்.

ரவுண்டானாவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். கடைக்குட்டியின் முதுகில் நாலைந்து வாண்டுகள். ஒருத்தி ஓட்டின் மேலிருந்து 'ஓ'வென்று கத்திக்கொண்டு வழுக்கி இறங்கினாள். பிள்ளைகள் பிடித்துப் பிடித்து நத்தையின் கொம்புகள் பளபளத்தன.

அம்மா பெட்டியைத் தட்டினாள்.

"என்னங்க, எந்திரிச்சுப் பாருங்க. உங்க கடைக்குட்டி முதுகுல ஊரே ஏறி ஆடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண்ணீர் கொட்டியது. மகளுக்கு உயிர் திரும்பி வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அவளும் சிரித்தாள், அழுதாள்.

"போலாமாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னொரு சுத்து சுத்துப்பா."

பின்னால் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. முன்னிருக்கையில் இருந்த அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதை நிறுத்தினான்.