ஆறாயிரத்து எழுநூறு லிட்டர்

பழைய பெயின்ட் தின்னரைக் காய்ச்சி வடிக்கும் அந்தப் பட்டறையில் கணக்கெல்லாம் அக்காவுடையது, அதிகாரமெல்லாம் தம்பியுடையது. ஒரு கோடைக்காலத்து முற்பகலில் இரண்டும் முட்டிக்கொண்டன.

ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குப் போகிற தொட்டித் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்த அக்கா நேராகத் தம்பியிடம் போனாள்.

“குளிர்காலத்துல தண்ணி இருபத்து நாலு டிகிரியில கண்டென்சருக்குள்ள போய் முப்பத்து நாலுல வெளிய வந்துச்சு. பத்து டிகிரி ஏறுறதால மணிக்கு நாலாயிரம் லிட்டர் போதும். இப்ப உள்ள போறப்பவே முப்பத்து நாலு. வெளிய வர்றப்ப நாப்பதைத் தாண்டினா ஆவி குளிராது. ஆறு டிகிரிதான் கையில இருக்கு. அதே சூட்டை எடுக்க ஆறாயிரத்து எழுநூறு லிட்டர் வேணும். நம்ம பம்பு நாலாயிரத்துக்கு மேல தள்ளாதுடா.”

“அதனால?”

“ஸ்டீமைப் பாதியாக் குறை.”

“சாயங்காலம் சரக்கு ஏத்த லாரி வருது. உன் கணக்கைத் தூக்கி உடைப்புல போடு.”

சொன்ன கையோடு ஸ்டீம் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டான். கால் மணி நேரத்தில் கண்டென்சரின் உச்சிக்குழாய் சீறியது. குளிராத ஆவி கூரைக்கடியில் பரவித் தொண்டையை அறுத்தது. தின்னர் காய்ச்சும் தொழிலாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அக்கா வால்வை நோக்கிப் பாய்ந்தாள். தம்பி குறுக்கே வந்தான்.

“கைய வெச்சே, தொலைச்சுடுவேன்.”

வைத்தாள். அவன் விட்ட அறையில் காது அடைத்துப்போனது. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தைக் குழாயில் மோதினான். புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. காலடியில் இரும்பு ஸ்பானர் கிடந்தது. இரும்பில் பொறி பறந்தால் ஆவி பற்றிக்கொள்ளும் என்பது அந்த ஆத்திரத்திலும் அவளுக்கு மறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த மரச் சுத்தியலை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் முடியை விட்டுவிட்டான். இருந்தும் இன்னொரு அடி போட்டாள்.

வால்வை அவள் மூடி முடிப்பதற்குள் ஆவி அடுத்த அறையின் கொதிகலன் நெருப்பைத் தொட்டுவிட்டது. கூரைத் தகடுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. நீலத் தீ தம்பியின் முதுகைத் தழுவியது. சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப்போட்டாள். அவளுடைய பாதி முடி கருகிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்த தம்பியிடம் நர்ஸ் கேட்டாள்:

“தீக்காயம் சரி. கை எப்படி உடைஞ்சுது?”

அவன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். அங்கே அக்காவின் புருவத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“விழுந்துட்டேன். எங்க அக்காவும்தான்.”

“யாரும் விழல” என்றாள் அக்கா. “போலீஸைக் கூப்பிடுங்க. அவன் செஞ்சதையும் சொல்றேன், நான் செஞ்சதையும் சொல்றேன்.”