வதனி எட்டிப் பார்க்காத வீடு

கலியாணத்துக்குக் கொடுக்கப்போகிற வீடு கண்முன்னால் எழும்பும்போது, அதை எட்டியும் பார்க்காத பெண் மட்டக்களப்பு நாவற்குடாவில் உண்டா? சுலோஜனாவுக்குத் தெரிந்து இல்லை. பின்வளவில் மகள் வதனிக்கென்று கட்டும் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. சமைக்கிற குசினி எந்தப் பக்கம் என்று மேசன் கேட்டால், "உங்கட விருப்பம்" என்கிறாள் அவள். வீடு வேண்டாமென்றால் எவனோ ஒருவன் இருக்கிறான். வேறென்ன?

அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள் சுலோஜனா. வதனி போனைக் கவிழ்த்து வைத்தால் சந்தேகம். குளிக்கும்போது பாடினால் சந்தேகம். வதனியும் அவளோடு இரட்டையாய்ப் பிறந்த ரதீஸும் குசுகுசுத்துவிட்டு, தாயைக் கண்டதும் வாயை மூடினால் பெரிய சந்தேகம். அவனும் கூட்டு என்று பல்லைக் கடித்தாள்.

சாதாரண தரப் பரீட்சை முடித்த இருவரில், அவனைக் கணித வகுப்பிலும் அவளைக் கலை வகுப்பிலும் விட்டதே சுலோஜனாதான். பெண்ணுக்கு வீடு இருக்கிறது. நாளைக்குப் பெண்சாதி வீட்டில் போய் இருக்கப்போகிற பொடியனுக்குப் படிப்பாவது வேண்டாமா?

சனிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பிய மகளின் பின்னால் ஆட்டோவில் போனாள். வதனி கலை வகுப்பு வாசலைத் தாண்டி, அடுத்த தெருவில் ஒரு கேற்றுக்குள் நுழைந்தாள். சுலோஜனா ஆட்டோவை நிறுத்தி இறங்கி ஓடினாள். ஜன்னலால் பார்த்தால், வாங்குகளில் உட்கார்ந்திருந்ததெல்லாம் பொடியன்கள். நடுவில் எழுந்து நின்று, படிப்பிக்கிற சேருக்கே கணக்கு விளக்கிக்கொண்டிருந்தாள் வதனி. ரதீஸ் இருக்கவேண்டிய கணித வகுப்பு; அவனைக் காணவில்லை.

வகுப்பு விட்டதும் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆருடி அவன்?"

"ஒருத்தனும் இல்லம்மா. ரதீஸுக்குக் கணக்கு ஏறல்ல, அவன் கராஜுக்கு வேல பழகப் போறான். அவன்ட இடத்தில நான் படிக்கன். எஞ்சினியராகணும்."

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குகா அது? உனக்குத்தானே வீடு கட்டுறம்!"

"வீட்ட அவனுக்குக் குடுங்க. படிப்ப எனக்குத் தாங்க."

பொடியனுக்கு வீடா? ஊர் சிரிக்கும். ஆனாலும் சுலோஜனாவின் பிடி தளர்ந்தது. அவளுடைய கலியாணத்துக்கும் ஒரு வீடு கொடுத்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. அது அவளுக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

"படிச்சு எங்க போகப்போறாய்?"

"மொறட்டுவை எஞ்சினியரிங் கம்பசுக்கு."

"அங்க ஆரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல."

இந்த முறை சுலோஜனா நம்பினாள். தெரிந்த ஆளில்லாத ஊருக்குப் போகவும் ஒரு பெண்ணுக்கு ஆசை வரும்போல. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அப்பாட்ட நான் கதைக்கன்," என்றாள்.