பதினாலாவது இருக்கை

"நீ எத்தனை கிலோ இருப்பே?"

வேலை கேட்டுப் போன அன்று இன்ஜினியர் சார் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். என்ன படித்தாய், ஏன் பாதியில் நிறுத்தினாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நான் தரையில் கிடந்த ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காதான் எனக்காகப் பதில் சொன்னாள்.

"முப்பத்தி நாலு சார். வயசு பதினேழு. பலமா காத்தடிச்சா ஓடிப் போய்ப் பிடிக்கணும்."

"அப்ப நாளைக்கே வரச் சொல்லும்மா. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது."

பள்ளிப் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. அங்கே என் வேலை, குழந்தையாக இருப்பது. ஒரு பேருந்துக்கு நாற்பத்தோரு இருக்கை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, அதன் முதுகில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பக்கத்துத் திரையிலும் அதே எண் வருகிறதா என்று சார் பார்ப்பார். வந்தால் எழுந்து அடுத்ததற்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளையின் எடை இருக்கைக்குத் தெரிகிறதா என்று தொப்பை வைத்த ஆளை உட்காரவைத்துச் சோதிக்க முடியாதே.

வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்த பிறகும் ஓர் இருக்கையில் எடை இருந்தால், திரை அந்த எண்ணைக் காட்டும், ஹாரன் அலறும். சுருண்டு தூங்கும் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக. இருக்கைகளின் முதுகு உயரம். முன்னால் நின்று எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரை சொல்லும் எண்ணை நம்பித்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

என் குரல் இரண்டு வரிசை தாண்டாது. ஓட்டுநர் அண்ணன் நடுவில் நின்று அதை வாங்கி முன்னால் வீசுவார்.

"பாப்பா பதினேழுங்குது சார்!"

"இங்கயும் பதினேழு. அடுத்தது."

"சார், இது நடக்குற சத்தம்கூட கேக்க மாட்டேங்குது. பஞ்சுல செஞ்சு அனுப்பிட்டாங்க போல."

அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் பஞ்சு.

ஒவ்வோர் இருக்கைக்கு அடியிலும் சோப்புக்கட்டி அளவு ஒரு பெட்டி. நாற்பத்தொன்றும் ஒரே அச்சு. எதிலும் எண் எழுதியிருக்காது. ஒரே கம்பி அவற்றைக் கோத்துக்கொண்டு இடப்பக்கம் முழுக்க ஓடி, கடைசி வரிசையில் திரும்பி, வலப்பக்கமாக முன்னால் வந்து சேரும். சாவியைத் திருப்பியதும் முன்னாலிருக்கும் பெரிய பெட்டி கம்பியின் வரிசைப்படி கூப்பிட்டு, நீ ஒன்று, நீ இரண்டு என்று எண் கொடுக்கும். அணைத்த பிறகும் எண் நிற்கும்; மறுபடி சாவியைத் திருப்பும்போதுதான் எல்லாம் மறந்துபோகும். பிறகு முதலிலிருந்து. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். சாருக்கு அதில் பெருமை.

"கையால யாரும் நம்பர் போட வேணாம். எந்தப் பெட்டியை எங்க மாட்டினாலும் தன் இடம் தனக்குத் தெரிஞ்சுடும்," என்று ஒருநாள் ஓட்டுநர் அண்ணனிடம் சொன்னார்.

"கூப்பிடும்போது ஒண்ணு தூங்கிட்டா?"

"அதுக்கும் வழி வச்சிருக்கேன். தவறிப்போனதுக்குக் கடைசி நம்பர். எப்படியும் நாப்பத்தொண்ணு சேர்ந்துடும், பச்சை விளக்கு எரிஞ்சுடும்."

அந்த மாதம் ஐந்து பேருந்துகள் ஒரே பள்ளிக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஓட்டுநர் அண்ணன் ஐந்தாவது வண்டியைச் சோதனை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். வாசலில் சாக்கடை மூடியின் மேல் சக்கரம் ஏறி இறங்கியபோது மொத்த வண்டியும் உதறிக்கொண்டது. நிறுத்தினார், அணைத்தார், மறுபடி கிளப்பினார். நான் தடுமாறிக் கைக்குக் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்தேன். அது இருபத்திரண்டு. திரையில் இருபத்தொன்று.

சார் அப்போது இன்னும் வரவில்லை. அவர் வந்து, வண்டியை அணைத்துக் கிளப்பிச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பச்சை விளக்கு அப்பாவிபோல எரிந்தது.

அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள்போல வண்டிக்கும் வாசலுக்கும் நடந்தேன். நான்தான் தப்பாகப் பார்த்தேனோ? இருபத்தொன்றில் உட்கார்ந்துவிட்டு இருபத்திரண்டு என்று நினைத்தேனோ?

புதன்கிழமை காலை, சாக்கடை மூடி தாண்டியதும் ஓட்டுநர் அண்ணன் அணைத்துக் கிளப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினார். நான் ஓடி ஓடி உட்கார்ந்து, நடுவழியில் தலையை நீட்டித் திரையைப் பார்த்தேன். பத்தில் பத்து. பதின்மூன்றில் பதின்மூன்று. பதினைந்தில் பதினாலு. முப்பதில் இருபத்தொன்பது. பிறகு பதினாலில் உட்கார்ந்தேன்.

திரையில் நாற்பத்தொன்று.

எனக்கு அது புரிந்துவிட்டது, சாரைவிடச் சீக்கிரமாகவே. ஒன்பதாம் வகுப்பில் வருகை எடுக்கும்போது என் முறை வரும். வாயைத் திறப்பேன். குரல் எழும்பி வருவதற்குள் டீச்சர் இரண்டு பெயர் தாண்டிப் போயிருப்பார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே பாதி வருடம் நான் வகுப்புக்கு வரவில்லை. பதினாலாவது பெட்டிக்கும் அதுதான் நடந்தது. கூப்பிட்டபோது அது விழித்திருக்கவில்லை. அதன் எண் பின்னால் இருந்ததற்குப் போனது, அதனுடையது அதற்குப் பின்னால் இருந்ததற்கு, அப்படியே கடைசிவரை. எல்லாம் முடிந்த பிறகு எழுந்த பதினாலுக்கு மீதியிருந்த நாற்பத்தொன்றைக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு சரி, விளக்கு பச்சை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பதினாலில் ஒரு பிள்ளை தூங்கினால் ஓட்டுநர் தன் முதுகுக்குப் பின்னாலிருக்கும் நாற்பத்தொன்றைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இல்லை. மிஷினுக்குக் கோளாறு என்று திட்டிக்கொண்டே கதவைப் பூட்டுவார்.

அது ஏன் தாமதமாக விழிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

கம்பி பொருத்தும் பிரிவுக்கு அக்காதான் தலைமை. ஆறு வருடமாக. அவள் கை வேகம் யாருக்கும் வராது. ஒவ்வொரு பெட்டியிலும் இணைப்பைச் செருகும்போது 'கிளிக்' என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் பூட்டியது என்று அர்த்தம். பதினாலுக்குக் கீழே சக்கர வளைவுக்கு மேல் ஓர் இரும்புத் தட்டு வருகிறது. அது முட்டுவதால் அங்கே மட்டும் இணைப்பு முழுக்க உள்ளே போகாது. அக்கா அதை முக்கால்வாசி அழுத்தி, மஞ்சள் துணி டேப்பை இறுக்கிச் சுற்றிவிடுவாள். பட்டறையில் மற்ற எல்லோரும் கறுப்பு டேப். மஞ்சள் அவள் ஒருத்திதான்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவளிடம் மட்டும் எனக்குக் குரல் வரும்.

"அக்கா, அஞ்சாவது வண்டியில பதினாலு லேட்டா எந்திரிக்குது."

"எந்திரிக்குதா? உன்னை மாதிரியா? நாலு தரம் உலுக்கணுமா?"

"விளையாடாதக்கா. அங்க நீ டேப் சுத்தியிருக்கல்ல?"

டப்பாவிலிருந்து வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"அது ஆடாதுடி. நான் சுத்தினது."

"வண்டி ஆடுதே."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்தத் தட்டை ரெண்டு விரல் நகர்த்தச் சொல்லி மேனேஜருக்கு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தேன். சமாளிச்சுக்கோங்கன்னாரு. சமாளிச்சேன். இப்ப அது என் தப்பா?"

"தப்புன்னு சொல்லல. சார்கிட்ட சொல்லிட்டா மாத்திடலாம்ல?"

"வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் யாருன்னு போடுறாங்க. ஆறு வருஷமா இலவு காத்த கிளியா உக்காந்திருக்கேன். அது முடியட்டும். அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய் அஞ்சு வண்டியையும் நானே கழட்டி மாட்டித் தரேன்."

"அதுவரைக்கும்?"

"ஒரு வாரத்துல என்ன ஆயிடும்?"

எனக்குப் பதில் தெரியும். அக்கா டப்பாவை மூடினாள்.

"உனக்காக நான் எத்தனை இடத்துல பேசியிருக்கேன். ஸ்கூல்ல, வீட்டுல, இங்க. எனக்காக நீ ஒரு வாரம் பேசாம இரு. உனக்கு நல்லா வர்ற ஒரே வேலை அதுதானே."

அதற்குப் பிறகு எதில் உட்கார்ந்தாலும் என்னால் உட்கார முடியவில்லை. நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுதினால் வழக்கமாக மனசு ஆறும். இந்தத் தடவை மூன்று பக்கம் எழுதியும் பதினாலு பதினாலாகவே இருந்தது. சார் வராந்தாவில் தனியாகப் போவதைப் பார்த்து இரண்டு முறை பின்னாலேயே போனேன். இரண்டு முறையும் அவர் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை இறுதிச் சோதனை. மேனேஜர் வந்து சாருக்குப் பக்கத்தில் நின்றார். கம்பிப் பிரிவின் சார்பில் அக்கா படிக்கட்டில் நின்றாள். ஓட்டுநர் அண்ணன் சாக்கடை மூடியைத் தாண்டி வண்டியை நிறுத்தி, அணைத்து, கிளப்பிவிட்டு நடுவில் வந்து நின்றார். நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒழுங்காக விழித்துக்கொள்ளேன் என்று மனசுக்குள் பதினாலைக் கெஞ்சினேன். விழிக்காமலே இரு, சாரே கண்டுபிடிக்கட்டும் என்றும் கெஞ்சினேன்.

"பாப்பா பதிமூணுங்குது சார்!"

"பதிமூணு. அடுத்தது."

"பதினாலு சார்!"

சார் திரையைத் தட்டினார். "நாப்பத்தொண்ணு காட்டுது. என்ன பஞ்சு, முன்னாடி ஓடி வந்துட்டியா?"

"இங்கதான் சார் இருக்கு. சாட்சிக்கு நான் இருக்கேன்."

சார் அணைத்து, ஹாரன் அலறுவதற்குள் கிளப்பினார். "இப்ப பதினாலு வந்துடுச்சு. திரைதான் ஒரு நிமிஷம் தடுமாறியிருக்கு."

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றார் மேனேஜர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இல்ல சார். பச்சை எரியுது. பஞ்சு, அடுத்தது."

நான் எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது பாப்பா," என்றார் ஓட்டுநர் அண்ணன்.

உள்ளங்கை இரண்டையும் இருக்கையில் அழுத்திக்கொண்டேன். படிக்கட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"கீழ டேப் இருக்கு," என்றேன்.

ஓட்டுநர் அண்ணனுக்குக் காதில் விழுந்ததைக் கைமாற்றித்தான் பழக்கம். என்ன ஏது என்று யோசிக்கவில்லை.

"பாப்பா கீழ டேப் இருக்குங்குது சார்!"

வண்டி முழுக்கக் கேட்டது. பட்டறைக்குள்ளும் கேட்டிருக்கும்.

சார் டார்ச்சுடன் வந்து மண்டியிட்டார். தலையை இருக்கைக்கு அடியில் விட்டார். கொஞ்ச நேரம் அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. பிறகு டேப்பைப் பிரிக்கும் சத்தம். மஞ்சள் சுருள் ஒன்று வெளியே வந்து விழுந்தது. அக்கா படியேறி உள்ளே வந்துவிட்டிருந்தாள்.

சார் எழுந்து உட்கார்ந்து, எனக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பாதிதான் செருகியிருக்கு. கூப்பிடும்போது கரண்ட் வரல. சே, என் ரூலும் சேர்ந்து இதை மறைச்சிருக்கு. கடைசி நம்பர் குடுக்காம சிவப்பு காட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கும்."

"என்ன ஆச்சு?" என்று மேனேஜர் முன்னாலிருந்து கேட்டார்.

சார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இணைப்பு சரியா பூட்டல சார். டேப் போட்டு ஒட்டியிருக்காங்க."

"யாரு?"

"நான்தான்," என்றாள் அக்கா. "அந்தத் தட்டு முட்டுதுன்னு உங்களுக்கு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தேனே சார்."

"முட்டுதுன்னா டேப் ஒட்டுவியா? பிள்ளைங்க உக்கார்ற வண்டிம்மா இது." அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அஞ்சையும் கழட்டுங்க. தட்டை வெட்டுங்க. பள்ளிக்கூடத்துக்குத் திங்கக்கிழமைன்னு நான் சொல்லிக்கறேன். மேற்பார்வையாளர் பேச்சை இனிமே எடுக்க வேணாம்."

அக்கா சாரைப் பார்த்தாள். அவர் டார்ச்சை அணைத்து ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தார்.

"டேப் என் தப்புதான். நான் மறுக்கல. தவறிப்போனதுக்குக் கடைசி நம்பர் குடுத்துப் பச்சை விளக்கு எரியவச்சது யாரு சார்? இப்ப கீழ உக்காந்துக்கிட்டுச் சொன்னீங்களே, அதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

மேனேஜர் சாரின் பக்கம் திரும்பினார். "என்னது அது?"

"அது ஒண்ணும் இல்ல சார். எல்லா வண்டியிலயும் இருக்குற ஏற்பாடுதான்."

"பொய்," என்றாள் அக்கா. "அவளும் கேட்டா. சொல்லுடி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் பதினாலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நீ கேட்டியாம்மா?" என்றார் மேனேஜர்.

வாயைத் திறந்தேன். கேட்டேன். அன்றொருநாள் சார் ஓட்டுநர் அண்ணனிடம் சொன்னதையும் கேட்டேன். அந்த ரூலை மாற்றாவிட்டால் தட்டை வெட்டினாலும் நாளைக்கு வேறொரு பெட்டி தூங்கும், அதையும் விளக்கு மறைக்கும். எல்லாம் வரிசையாக நெஞ்சில் நின்றது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் அண்ணன் என் பக்கம் குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காத்திருந்தார்.

வெளியே யாரோ தகரத்தை இழுத்துப் போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து நின்றது. மேனேஜர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, நேரமாச்சு. அந்த டேப் விஷயத்தை மட்டும் எழுதி அனுப்புங்க," என்று சாரிடம் சொன்னார்.

அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசிவிடுவேன் என்று அவள் இன்னும் நினைப்பது முகத்தில் தெரிந்தது. "அக்கா" என்றுகூட வரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பி, இரண்டு பக்க இருக்கைகளுக்கும் நடுவே நடந்து, படியிறங்கிப் போனாள்.